வாரத்துக்கு விட்ட பார்வர்டு

கோவில்பட்டிப் பக்கம் பிறந்துவிட்டு கால்பந்து விளையாடினேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அங்கே ஹாக்கி மட்டை பிடிக்காதவனை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். எங்களுக்கு அதற்கு வழி கிடையாது. கால்பந்துக்கு ஒரு பந்து போதும், காலை அவனவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவான். அதனால்தான் கால்பந்து. இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

எங்கள் ஊர் விளாத்திகுளம் போகிற வழியில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டூவீலர் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தேன். அணியில் கோலி, அதாவது கோல் காக்கிறவன். பந்து பஞ்சரானால் ஒட்டுகிறவனும் நான்தான். அதனால் என்னை யாரும் அணியிலிருந்து தூக்க முடியாது.

பங்குனியில் கண்மாய் வற்றியதும் அதற்குள்தான் ஆட்டம். கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் கால் போனால் முழங்கால் வரை போகும். இதற்கு எங்கள் கேப்டன் ஒரு வழி வைத்திருந்தான். அவன் குடும்பம் ஆட்டுக் குடும்பம். போட்டிக்கு முந்தின சில நாள் தன் ஆட்டுக் கிடையைக் கொண்டுவந்து மைதானத்தில் போடுவான். அத்தனை ஆடும் மிதித்து மிதித்துக் கட்டிகளைப் பொடியாக்கி வெடிப்பை மூடிவிடும். புழுக்கையைப் பெருக்கிக் காட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் விளையாடுவோம். பெருக்கியும் போகாத நாற்றம் பந்தில் இருக்கும். விழுந்து எழுந்தவனை வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

கோல் கம்பம் என்பது இரண்டு கோணல் உடைமரக் கொம்பு. மேலே குறுக்குக் கம்பிக்குப் பதில் ஒரு கயிறு. வலை கிடையாது. பந்து கயிற்றுக்குக் கீழே போனதா மேலே போனதா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிதடி. அடிதடி முடிகிற நேரத்தில் நான் பின்னால் வேலிக்கருவைக்குள் குனிந்து பந்தைத் தேடிக்கொண்டிருப்பேன். முதுகில் முள் கிழித்த கோடு இன்னும் இருக்கிறது. கோலி என்றால் பந்தைப் பிடிக்கிறவன் என்று மற்ற ஊரில் சொல்வார்கள். எங்கள் ஊரில் பந்தைப் பொறுக்குகிறவன்.

இந்தக் கேவலத்துக்கு நடுவில்தான் அவன் இருந்தான். எங்கள் பார்வர்டு. தகப்பன் இல்லை. தாயும் மகனும் கொஞ்சம் ஆடு வைத்து மேய்த்தார்கள். அந்த வருஷம் நோய் வந்து அதிலும் பாதி செத்துப்போயிருந்தது. அவன் பந்தைப் பார்த்து விளையாட மாட்டான். எதிரில் வருகிறவனின் இடுப்பைப் பார்ப்பான். ஆடு எந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடப்போகிறது என்று மேய்க்கிறவன் பார்ப்பதுபோல. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறானோ அதற்கு மறுபக்கம் பந்தோடு போய்விடுவான். சுற்றுவட்டாரத்தில் அவனை நிறுத்த ஆள் இல்லை. சித்திரை மாசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் நடக்கும் போட்டியில் தொடர்ந்து எங்களுக்குத்தான் கோப்பை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வோம். பொய். அவன் ஜெயித்தான், நாங்கள் கூட நின்றோம்.

ஒருநாள் கோவில்பட்டி ரோட்டில் இருக்கும் ஒரு நூல் மில்லின் லேபர் ஆபீசர் பைக்கில் வந்து ஒர்க் ஷாப்பில் நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். செயின் தளர்ந்திருந்தது. நான் இறுக்கிக்கொண்டிருக்கும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“உங்க டீமுல ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன் இருக்கானாமுங்க.”

“எல்லாரும் ஆடு மேய்க்கிறவந்தான் சார். எந்தப் பையன்?”

“கோல் போடறவன்.”

“அப்ப ஒருத்தந்தான்.”

மில்லுக்குள் வேலை, தங்க இடம், சாப்பாடு. முதலில் டெம்பரரி, ஒழுங்காக இருந்தால் பெர்மனன்ட். அவன் மில் அணிக்கு விளையாட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அணிக்கு நஷ்டம் இல்லாமல் இரும்புக் கோல் கம்பம் இரண்டு ஜோடியும் வலையும் தருவதாகச் சொன்னார். அவருடைய மில் ஒர்க் ஷாப்பிலேயே வெல்டு வைத்துக் கொடுத்துவிடுவார்களாம்.

வலை என்றதும் எனக்கு முதுகு ஒருதரம் சிலிர்த்தது. மறைக்க என்ன இருக்கிறது.

சாயங்காலம் கண்மாய் மடையில் கூடினோம். நான் சொல்லி முடிக்கும் முன்பே கேப்டன் குதித்தான்.

“ஆள வித்து கம்பி வாங்கணுமோ? கம்பி கோல் போடுமாலே?”

“நீயுந்தான் இத்தன வருசமா கூட நிக்க. நீ கோல் போட்டியா?” என்றேன்.

“ஊருப் பயல ஊரான் கொண்டுபோவான், நீ வேடிக்க பாக்கச் சொல்லுத. சித்திரைக்கு யாரு ஆடுவா?”

“ஏ மாப்ள, அவன் வீட்டுல அடுப்பு எரியுதான்னு என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கியா? கோப்பை வாங்குன அன்னைக்கு அவனத் தூக்கிக்கிட்டு ஆடுவிய. மறுநா காலையில அவன் ஆடு பத்திக்கிட்டுப் போறப்ப எவனாவது ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பியளா?”

எனக்குக் கோபம் வந்தால் நிறுத்தத் தெரியாது. ஊர்ப் பற்று, ஊர்ப் பெருமை என்று பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்தப் பெருமைக்கான வேலையை எப்போதும் வேறு எவனோ ஒருவன்தான் செய்துகொண்டிருப்பான். அன்றைக்கு நாலு பேரைப் பெயர் சொல்லித் திட்டினேன். அதில் இரண்டு பேர் அதன்பிறகு வண்டி ரிப்பேருக்குக் குளத்தூர்க் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

இத்தனை நேரமும் எங்கள் பார்வர்டு மடைச்சுவரில் உட்கார்ந்து உள்ளங்காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவே இல்லை. நான்தான் திரும்பி, “நீ என்னலே சொல்லுத?” என்றேன்.

“போறேம்ணே,” என்றான். “அம்மைக்கு வெயில்ல நடக்க முடியல. வலையையும் வாங்கிக்கிடுங்க. ஒங்களுக்கும் முள்ளு குத்தாதுல்லா.”

கேப்டன் கொஞ்ச நேரம் மண்ணாங்கட்டியை எடுத்துக் கண்மாய்க்குள் எறிந்துகொண்டிருந்தான். பிறகு அவன் குடும்பத்துப் புத்தி வேலை செய்தது.

“சரி. விக்க வேண்டாம். வாரத்துக்கு விடுவோம்.”

எங்கள் பக்கத்தில் ஆடு நிறைய வைத்திருப்பவன், ஆடு இல்லாதவனிடம் ஒன்றிரண்டை வாரத்துக்கு விடுவான். வாங்கியவன் மேய்த்து வளர்க்க வேண்டும். போடுகிற குட்டியில் பாதி வளர்த்தவனுக்கு, பாதி உடையவனுக்கு. தாயாடு என்றைக்கும் உடையவனுடையது. கேப்டன் சொன்ன கணக்கு இதுதான்: பையன் நம்முடையவன். மில்காரன் சோறு போட்டு வேலை கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். வருஷம் முழுக்க அவனுக்கு விளையாடட்டும். சித்திரைக் கொடைக்கு நமக்கு.

அந்த நேரம் பார்த்து பார்வர்டின் அம்மை கரைமேல் ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தாள். தொரட்டியைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டாள்.

“எவம்லே எம்மவன வெல பேசுதது?”

“வெல இல்ல அத்தை. வாரத்துக்கு விடுதோம்,” என்றான் கேப்டன்.

“கோட்டிப்பயலே. நீயெல்லாம் ஆட்டுக்காரனுக்குப் பொறந்தவனா? வாரத்துக்கு விடுறது பொட்டைய. கெடாய எவனாவது வாரத்துக்கு விடுவானா? அது என்னத்தலே குட்டி போடும்?”

கண்மாயே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்து, “சோறு ஒழுங்காப் போடுவாவளாமா?” என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான். “அப்பப் போ,” என்றுவிட்டு ஆடுகளைத் திருப்பினாள்.

ஆபீசரிடம் இதைச் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். “எங்கூருல நிலத்தைத்தானுங்க வாரத்துக்கு விடுவாங்க. சரி, அப்படியே வெச்சுக்கலாமுங்க,” என்றார். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். நாங்கள் ஒப்பந்தம் என்று நினைத்தோம்.

அவன் போனான். கம்பங்கள் டிராக்டரில் வந்தன. பச்சைப் பெயிண்ட், மேலே குறுக்குக் கம்பி, நல்ல கனம். வலையைக் கட்டிய அன்று நான் கோலுக்குள் போய்ப் படுத்து வானத்தைப் பார்த்தேன். மறுநாள் கேப்டனின் கிடாய் ஒன்று வலையில் கொம்பை மாட்டிக்கொண்டு கண்மாய் அதிரக் கத்தியது. அதைப் பிரித்தெடுக்க என் பகல் சாப்பாட்டு நேரம் முழுவதும் போனது. அதன்பிறகு ஆட்டம் முடிந்ததும் வலையை அவிழ்த்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். வேறு எவனையும் தொட விடவில்லை.

அவனும் வார லீவுக்கு பஸ்ஸில் வந்துபோனான். உடம்பு தேறியிருந்தது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். மில் அணி அவனால் ஜெயிப்பதாகக் கேள்விப்பட்டோம். வருகிற நாளில் கண்மாய்க்கு வந்து எங்கள் இளவட்டங்களுக்கு இடுப்பைப் பார்த்து ஆடச் சொல்லிக்கொடுப்பான்.

அடுத்த சித்திரை வந்தது. அவன் ஒருநாள் ஒர்க் ஷாப்புக்கு வந்து, “சித்திரை முடிஞ்சதும் கொஞ்சப் பேரப் பெர்மனன்ட் ஆக்கப் போறாவளாம்ணே. ஆபீசர் எனக்குச் சொல்லுதேன்னுருக்காரு,” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். கூடவே, மில் அணியும் இந்த வருஷம் நம்மூர்ப் போட்டிக்கு வருகிறது என்றான்.

வாரம் பேசும்போது இதை ஒருத்தனும் யோசிக்கவில்லை. ஆடு வாங்கினவன் அந்த ஆட்டையே ஓட்டிக்கொண்டு உடையவன் வீட்டு வாசலுக்குச் சண்டைக்கு வருவான் என்று எவன் நினைப்பான்?

பயந்த மாதிரியே இறுதி ஆட்டம் எங்களுக்கும் மில்லுக்கும் வந்தது. அதுவரை இரண்டு பக்கமும் மழுப்பி அவனை உட்கார வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அவன் இல்லாமல் ஆட ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. சாமி கும்பிட வந்த கூட்டம் முழுக்கக் கண்மாய்க் கரையில் நின்றது. நடுக்கோட்டில் கேப்டனும் ஆபீசரும் நின்றார்கள். நடுவில் அவன், எந்தச் சட்டையும் போடாமல்.

“என்ற மில்லுல சம்பளம் வாங்கறவனுங்க,” என்றார் ஆபீசர்.

“சார், நீங்க வளக்குறவரு. ஆடு எங்களது. சித்திரை எங்க மொறை,” என்றான் கேப்டன்.

நடுவராக விளாத்திகுளத்திலிருந்து ஒரு பி.டி. வாத்தியார் வந்திருந்தார். “ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்கப்பா, பொழுது போகுது,” என்றார். கரையிலிருந்து ஒரு பெருசு, “வாரம்னா பாதிப் பாதிதானலே? பாதி ஆட்டம் அங்கன, பாதி ஆட்டம் இங்கன,” என்று கத்தினார். அவ்வளவுதான், கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார், இப்படி ஒரு சட்டம் உலகத்தில் கிடையாது என்று விசிலைக் கழற்றி மண்ணில் போட்டார். இரண்டு பேர் அதைத் துடைத்து மறுபடி அவர் கழுத்தில் மாட்டினார்கள். மைக் செட்டுக்காரன் உடனே அறிவித்துவிட்டான்: முதல் பாதியில் மில் அணிக்கு ஆடும் பத்தாம் நம்பர், இடைவேளைக்குப் பின் நமது ஊருக்காக ஆடுவார், பொதுமக்கள் அமைதி காக்கவும்.

எல்லோருக்கும் இது வேடிக்கை. எனக்கு இல்லை. ஆபீசர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் தன் ஆளே தனக்கு எதிராகக் கோல் போட்டுக் கோப்பையைப் பறித்தால், அந்தச் சிரிப்பு மில் ஆபீஸ் வரை இருக்குமா? பெர்மனன்ட் ஆக்குகிற பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

முதல் பாதியில் அவன் எனக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். இத்தனை வருஷம் அவனுக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்றைக்குத்தான் அவன் எப்படிப்பட்டவன் என்று முன்னால் நின்று தெரிந்தது. முதல் பந்துக்கு நான் இடப்பக்கம் பாய்ந்தேன், பந்து வலப்பக்கம் போனது. இரண்டாவதுக்கு நான் பாயவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பந்து வலைக்குள் சமத்தாகக் கிடந்தது. குனிந்து எடுத்தேன். முள் இல்லை. கோல் வாங்கிவிட்டுச் சிரித்த கோலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இடைவேளையில் பதநீர் கொடுத்தார்கள். அவன் மில் சட்டையைக் கழற்றி மடித்து ஆபீசர் கையில் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தான். நான் அவனைத் தனியே இழுத்தேன்.

“ஏலே, கோல் போடாத. சும்மா ஓடு. சுளுக்குன்னு உக்காந்துக்கிடு. கோப்பை போனாப் போவுது.”

கேப்டன் பின்னாலேயே வந்துவிட்டான். “ஏலே, நீ எங்க ஆளா, மில்லு ஆளா?”

“நான் அவன் ஆளு,” என்றேன்.

அவன் எங்கள் சட்டையை மாட்டிக்கொண்டே, “அங்கன பாதி ஒழுங்கா ஆடிட்டு இங்கன பாதி ஏமாத்துனா, அவரு மட்டும் என்னைய நம்புவாராண்ணே? நாளைக்கு மில்லுலயும் இப்படித்தான் நூல் ஓட்டுவான்னு நெனைப்பாருல்லா,” என்றான். அப்புறம் பதநீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

ஆடினான். சும்மா ஆடவில்லை. வந்த வேகத்தில் ஒரு கோல். கரையில் துண்டுகள் பறந்தன. அப்புறம் மில்காரர்கள் நாலு பேர் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். கடைசி நிமிஷத்தில் நாலு பேரையும் நாலு பக்கம் சாய்த்துவிட்டு, தூரத்திலிருந்தே அடித்தான். எதிர்க் கோலி மேலே தாவினான், எட்டவில்லை. பந்து நேராக மேல் கம்பியில் பட்டது. கண்மாய் முழுக்க மணி அடித்ததுபோல ஒரு சத்தம். திரும்பி வந்து மைதானத்துக்குள்ளேயே விழுந்தது. விசில்.

இரண்டுக்கு ஒன்று. மில்லுக்குக் கோப்பை.

பிறகு கேப்டன்தான் அந்தக் கம்பத்தின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தான். “பழைய கயிறா இருந்திருந்தா கோல்லே,” என்றான். உண்மைதான். கயிறாக இருந்தால் பந்து அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும், மிச்சத்தைச் சண்டை போட்டு வாங்கியிருப்போம். அவனைக் கொடுத்து வாங்கிய கம்பி எங்களைத் தோற்கடித்துவிட்டது.

வேலைக்குப் பயந்து வேண்டுமென்றே கம்பியில் அடித்தான் என்று அன்றைக்கே சிலர் பேசினார்கள். இப்போதும் பேசுகிறவன் உண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து கை தடிமன் உள்ள கம்பியில் குறிவைத்து அடிக்கிற கால் உலகத்தில் எவனுக்கும் கிடையாது. அது இருந்தால் அவன் எதற்கு நூல் மில்லுக்குப் போகிறான்? பந்தை உதைத்துப் பார்த்தவனுக்கு இது தெரியும். கரையில் உட்கார்ந்து கடலை தின்றவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவனோடு நானும் பஸ் ஏறினேன். ஒர்க் ஷாப்பில் சொல்லவில்லை. ஆபீசர் ஏதாவது சொன்னால் கேட்டிலேயே நின்று கிழித்துவிடுவது என்றுதான் போனேன். வழி முழுக்க என்னென்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். மில் வாசலில் அவர் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

“என்னங்க, நீங்களும் வேலைக்கு வந்துட்டீங்களா?”

“இல்ல சார். நேத்து ஆட்டத்தப் பத்தி...”

“அதையேன் கேக்கறீங்க. ராத்திரி பூரா நெனச்சு நெனச்சுச் சிரிச்சனுங்க. இந்தப் பையனுக்கு விசுவாசம் பாதி ஆட்டத்துக்குத்தான். அந்தக் கம்பி இருக்குது பாருங்க, அது என்ற கம்பிங்க. கடைசி வரைக்கும் எனக்கு விசுவாசமா நின்னுச்சு.”

அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் வீணாகிவிட்டது. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். அவன் பக்கம் திரும்பி, “ஏமாத்தாம ஆடுனே, அது போதும். போ, ஷிஃப்டுக்கு நேரமாச்சு,” என்றார். ஆயுத பூஜைக்கு முன் அவன் பெர்மனன்ட் ஆனான். அந்தச் சம்பளத்தில் அம்மைக்கு ஓட்டு வீடு கட்டினான். அவள் ஆட்டைக் குறைத்துக்கொண்டாள், முழுக்க விடவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆபீசர் முடிக்கவில்லை. அதற்கடுத்த சித்திரைக்குக் கண்மாய்க்கு வந்தவர், எங்கள் இளவட்டங்களில் இரண்டு பேர் ஆடுவதை ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு பேரும் எதிராளியின் இடுப்பைப் பார்த்து ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் கேப்டனைக் கூப்பிட்டார்.

“இவங்களுக்கு ஆரு சொல்லிக் குடுத்தது?”

“எங்க பார்வர்டுதான் சார். லீவுக்கு வரும்போது.”

“அப்பக் குட்டி ரெண்டு. வாரப்படி பாதி வளத்தவனுக்குங்க. எனக்கு ஒண்ணு வேணும். மில்லுல வேலை இருக்குது.”

கேப்டன் போட்ட கணக்கு, அதில் அவனே மாட்டிக்கொண்டான். எந்தக் குட்டி யாருக்கு என்று இரண்டு பேரும் நடுக்கோட்டில் நின்று வழக்குப் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பயல்களும் ஒருத்தனை ஒருத்தன் முந்திக்கொண்டு, “நான் போறேன் சார்,” என்றார்கள். ஊர்ப் பற்றாம்.

பார்வர்டின் அம்மை கரையில் ஆட்டோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேப்டனைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏலே, கெடாயும் குட்டி போட்டுட்டுப் பாத்தியா.”

இந்த முறை அவளும் சிரித்தாள். நான் வலையை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.